எங்கள் பைலட் மாமா!

மேல்மலையனூர் என்றதும் எல்லோருக்கும் அங்காள பரமேஸ்வரி அம்மன் கோயிலும், அமாவாசை ராத்திரி நடக்கும் ஊஞ்சல் உற்சவமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் குடும்பத்தாருக்கு மட்டும் கூடவே இன்னொருவர் முகமும் நினைவுக்கு வரும். அவர் என் தாய்மாமா. மல்லாட்டை விளையும் இந்த மண்ணில் பிறந்து, இந்தியன் ஏர்லைன்சில் 26 வருடம் விமானம் ஓட்டியவர். 2022 டிசம்பரில், 83-வது வயதில் காலமானார். பெயரைப் போட்டு எழுதினால், "எனக்கு எதுக்கும்மா விளம்பரம்?" என்று மேலே இருந்தே கேட்பார். அதனால், ஊரார் கூப்பிட்டபடி 'பைலட் மாமா' என்றே எழுதுகிறேன்.

அவர் வீரசாகசம் எதுவும் செய்தவர் இல்லை. பேப்பரில் படம் வந்தவரும் இல்லை. ஆனால், அவர் வாயைத் திறந்து சொன்ன ஓர் உண்மை அவருடைய வேலையைப் பறித்தது; என் அம்மாவுக்கு 23 வருட ஆயுளைக் கொடுத்தது. பெண்கள் படிக்கிற இந்தப் பகுதியில் அதை எழுதினால் நாலு பேருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இந்தக் கடிதம்.

காசு மாலை தந்த இறக்கை

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993-ல்தான். தாத்தாவுக்கு நாலு காணி நிலம். மாமா திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி ஹைஸ்கூல் முடித்து, மெட்ராசில் காலேஜ் சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதரோடு சைக்கிளில் மீனம்பாக்கம் போனவர், மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் சின்ன விமானங்கள் ஏறி இறங்குவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே நின்றாராம். அடுத்த வாரமே வீட்டுக்குக் கடிதம், 'பைலட்டுக்குப் படிக்கப் போறேன்' என்று.

"ஏர் ஓட்டறவன் புள்ள ஏரோப்ளேன் ஓட்டப் போறானாம்!" என்று தாத்தா சிரித்தாராம். ஆயா சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து தன் காசு மாலையை எடுத்துத் தாத்தாவின் முன்னால் வைத்தார். அரசாங்க மானியம் கொஞ்சம் இருந்தும் பணம் போதாமல், அடுத்த வருடம் ஒரு காணி நிலமும் அடமானத்துக்குப் போனது. டைகர் மாத், புஷ்பக் என்று சின்னச் சின்ன விமானங்களில் கற்றுக்கொண்டு, 1964-ல் மாமா இந்தியன் ஏர்லைன்சில் சேர்ந்தார். முதலில் டகோட்டா, பிறகு ஆவ்ரோ, கடைசியில் போயிங் 737. அடமான நிலத்தை மூன்றாவது வருடமே மீட்டுவிட்டார். ஆயாவுக்குப் புதுக் காசு மாலை வாங்கிப் போட்டார். ஆனால், ஆயா சாகிறவரை அதைக் கழுத்தில் போடவே இல்லை. "பழையது வானத்துல பறக்குது, அது போதும்" என்பார்.

மாமா விடுமுறைக்கு வந்தால் மொட்டை மாடியில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்துக் கதை சொல்வார். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் போய் இறங்கியது, அங்கிருந்து அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் என்ற வெள்ளைக்காரர் பெல்லாரி வழியாக நம் மெட்ராசுக்குக் கொண்டுவந்தது எல்லாம் நாங்கள் மாமா வாயால் கேட்டவைதான்.

"பொம்பளைங்களும் ஓட்டுவாங்களா மாமா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஏன், உஷா சுந்தரம் ஓட்டலியா?" என்றார். 1949-லேயே பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறிய முதல் பெண் அவர். கணவர் கேப்டன் வி.சுந்தரம், மைசூர் மகாராஜாவின் விமானியாக இருந்தவர். 1951-ல் புருஷனும் பெண்டாட்டியுமாக இங்கிலாந்திலிருந்து ஒரு டவ் ரக விமானத்தை ஓட்டிக்கொண்டு 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து சாதனை செய்தார்கள். பின்னாளில் வாயில்லா ஜீவன்களுக்காகச் சென்னையில் புளூ கிராஸ் தொடங்கியதும் இந்தத் தம்பதிதான். 1985-ல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குச் சென்ற ஃபோக்கர் விமானத்தை முழுக்க முழுக்கப் பெண்களே இயக்கினார்கள், சௌதாமினி தேஷ்முக் தலைமையில். அந்தச் செய்தி வந்த பேப்பரை மாமா மடித்து எடுத்துவந்து என் அப்பாவிடம் கொடுத்தார். அப்போது நான் பத்தாவது எட்டிக்கொண்டிருந்தேன். "பொண்ண எதுவரைக்கும் படிக்க வைக்கறது?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எழவே இல்லை.

விமானத்துக்கு ஹார்ன் உண்டா?

ஊர்த் திண்ணையில் மாமா உட்கார்ந்தால் போதும், கேள்வி மேல் கேள்வி வந்து விழும். "ஏம்ப்பா, ப்ளேனுக்கு ஹார்ன் இருக்குதா?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. "இருக்குதுங்க. ஆனா மேல இல்ல, தரையில நிக்கறப்ப கீழ இருக்கற மெக்கானிக்கக் கூப்பிடறதுக்கு!" என்றார். பெரியவர் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது!

கேப்டனும் துணை பைலட்டும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லையாம். சாப்பாட்டில் ஏதாவது கெட்டுப்போயிருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிடக் கூடாது இல்லையா! "நம்ம வீட்டுல மட்டும் எல்லாருக்கும் ஒரே ரசம்தான், ஜாக்கிரதை!" என்பார் அத்தை.

பத்தாயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும், கிளம்புவதற்கு முன் 'செக் லிஸ்ட்' என்ற அட்டையைக் கையில் எடுத்து ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர் சரிபார்த்துப் பதில் சொல்ல வேண்டும். "மனப்பாடமா தெரியுமே மாமா, எதுக்குப் படிக்கணும்?" என்றால், "தெரியும்னு நெனைக்கறோம் பாரு, அங்கதான் ஆபத்து" என்பார். போகிற ஊருக்கு மட்டும் எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்புவதும் இல்லை. அங்கே இறங்க முடியாமல் போனால் வேறு ஊருக்குப் போகவும், அதற்கு மேலே கொஞ்ச நேரம் சுற்றவும் சேர்த்துத்தான் நிரப்புவார்களாம்.

ஒரு ஐப்பசி மாதம் மதுரைக்கு விமானம் கொண்டுபோனார். மழை மேகம் தாழ்ந்து ஓடுபாதையே தெரியவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திருச்சிக்குத் திருப்பிவிட்டார். அதில் வந்த பெரிய மனிதர் ஒருவர், "பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் கோபமே இருக்காது. "பறக்கறத ஆறு மாசத்துல கத்துக்கலாம்மா. எப்ப பறக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிக்கத்தான் பல வருஷம் ஆகும்" என்பார்.

செஞ்சி மலையில் இரண்டு நிமிடம்

1990-ஆம் வருடம். மாமாவுக்கு வயது 51. பள்ளி விடுமுறையில் எங்களையெல்லாம் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். மேலே இருந்து விமானத்தில் பலமுறை பார்த்த ராஜகிரி மலையைக் காலால் ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை அவருக்கு. பாதி ஏறும்போது நெஞ்சை யாரோ கையால் அழுத்துவதுபோல இருந்ததாம். இடது தோள்பட்டையில் ஒரு வலி. உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. அத்தையைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

நாற்பது வயதுக்குப் பிறகு மாமா ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குப் போவது வழக்கம். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒரு குறையும் இல்லை. அடுத்த பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. படுத்த நிலையில் எடுக்கிற ஈ.சி.ஜி. இந்த மாதிரி வலி உள்ளவர்களுக்கும் பல நேரம் சரியாகவே இருக்குமாம். அதாவது, மாமா வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம். மகள் கல்லூரியில், மகன் பிளஸ் டூவில். வீட்டுக் கடன் வேறு.

மாமா அடுத்த நாளே சென்னைக்குப் போனார். "எனக்கு நெஞ்சு வலி வந்தது. நான் பறக்கத் தகுதியா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க" என்று தானே போய் டாக்டரிடம் நின்றார். உடம்பில் குறை இருப்பது தெரிந்தால் பைலட் அந்த நிமிடமே பறப்பதை நிறுத்த வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. ஆனால், அதைப் பார்த்துப் பிடிக்க விமானத்துக்குள் போலீஸ்காரர் யாரும் இல்லை. அவரவர் மனசாட்சிதான் போலீஸ்.

டிரெட்மில் சோதனை, ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுத்தார்கள். இதயத்துக்குப் போகிற இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு. அன்றோடு மாமா பறப்பது நின்றுபோனது. பறந்தால்தான் கிடைக்கும் படிகளும் நின்றன. ஹைதராபாத்தில் இருந்த பயிற்சி மையத்தில் இளம் பைலட்டுகளுக்கு வகுப்பெடுக்கும் வேலை கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள். "பொழைக்கத் தெரியாத மனுஷன்" என்று போகும்போது முணுமுணுத்தார்கள்.

தாழ்வாரத்தில் வந்த பேச்சு

1991 மாசி மாதம். மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். வீடு நிறைய விருந்தாளிகள். பெண்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். மாமா பக்கத்துத் திண்ணையில் சாய்ந்திருந்தார். அப்போது பெரிய மாமாவின் மனைவி, "சும்மா இருந்திருந்தா இன்னும் ஏழு வருஷம் ஓட்டியிருக்கலாமே தம்பி. நீங்களா போயி எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டார். பேச்சு சட்டென்று நின்றது.

மாமா எழுந்து உட்கார்ந்தார். 1972-ல் லண்டனில் நடந்த ஒரு விபத்தைச் சொன்னார். ஜூன் 18-ஆம் தேதி ஹீத்ரோவிலிருந்து பிரஸ்ஸல்ஸ் கிளம்பிய டிரைடன்ட் விமானம் மூன்றே நிமிடத்தில் ஸ்டெய்ன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்து, இருந்த 118 பேரும் இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனையில் கேப்டனின் இதய ரத்தக் குழாய்களில் கடுமையான நோய் இருந்தது தெரிந்தது. விபத்துக்குப் பல காரணங்களில் அதுவும் ஒன்று என்று விசாரணையில் எழுதினார்கள்.

"அவருக்கே அது தெரியாது அண்ணி. தெரியாத நோவுக்கே அந்தக் கதி. தெரிஞ்சே மறைச்சா அது பாவம் இல்லியா? எனக்குப் பின்னால நூத்தி இருபது பேரு உக்காந்திருப்பாங்க. யாரு பெத்த புள்ளைங்களோ!" என்றார். பிறகு எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, "வீட்டுல நீங்களும் பைலட்டுதான். ஒங்களுக்குப் பின்னாலயும் ஒரு குடும்பமே உக்காந்திருக்குது. வலிய மறைக்கறத தியாகம்னு நெனைச்சிக்கிட்டிருக்கீங்க. அது தியாகம் இல்ல. ஒங்கள நம்பி ஏறினவங்கள கீழ தள்ளறது" என்றார்.

யாரும் பதில் பேசவில்லை. மல்லாட்டை உடைகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. என் அம்மாவின் கை மட்டும் நின்றுபோயிருந்ததை அத்தை பார்த்திருக்கிறார்.

அன்று ராத்திரி கிணற்றடியில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னார். இடது மார்பில் ஒரு கட்டி. ஏழு மாதமாக இருக்கிறது. வலியே இல்லை, அதனால் ஒன்றும் இருக்காது என்று நினைத்தாராம். அதோடு வெட்கம், எந்த ஆம்பளை டாக்டரிடம் காட்டுவது? எல்லாவற்றுக்கும் மேலாக, வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 'நோயாளி வீட்டுப் பெண்' என்று பேச்சு வந்துவிட்டால்?

அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "மாப்ளே, கல்யாணத்தத் தள்ளிப் போடலாம். இத தள்ளிப் போட முடியாது" என்றார் மாமா. தானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். நல்ல மனிதர்கள் அவர்கள். "மாமியாரே முன்ன நின்னு தாரை வாக்கட்டும், ஆவணிக்கு வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அம்மாவை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அதை வளர்த்த டாக்டர் வி.சாந்தா 2021-ல் மறைந்தபோது எங்கள் வீட்டிலும் விளக்கேற்றி வைத்தோம். அம்மாவுக்கு ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு சிகிச்சை. அத்தைதான் சென்னை வீட்டில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பெற்ற தாய்போலப் பார்த்தார். 'இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கஷ்டம்' என்று டாக்டரம்மா சொன்னார். ஆவணியில் அக்கா கல்யாணத்தில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள்.

அம்மாவின் லாக் புக்

பைலட்டுகள் ஒவ்வொரு பறப்பையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். தேதி, விமானத்தின் பதிவு எண், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம் என்று கட்டம் போட்டிருக்கும். அதற்கு லாக் புக் என்று பெயர். மாமா எழுதாமல் வைத்திருந்த ஒரு லாக் புக்கை அம்மாவிடம் கொடுத்தார். "எனக்கு இனிமே இது வேணாம். ஒனக்குத்தான் வேணும். எந்தத் தேதியில ஆஸ்பத்திரி போன, என்ன மாத்திரை, அடுத்து எப்ப வரச் சொன்னாங்க, எல்லாத்தையும் எழுது" என்றார். ஐந்தாவது வரை படித்த அம்மா கோழிக் கிறுக்கல் எழுத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி தேதியைத் தவறவிட்டதில்லை. பேரன், பேத்தி நாலு பேரையும் எடுத்து வளர்த்து, 2014-ல் வயோதிகத்தில்தான் போனார். கடைசி வரை, "எங்க அண்ணன் வேலைய விட்டுக் குடுத்து எனக்கு வாங்கின ஆயுசு இது" என்று எல்லோரிடமும் சொல்வார்.

மாமா 1992-ல் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டு, 1997-ல் ஓய்வு பெற்று, ஊருக்கே வந்து தங்கினார். காலையில் ஆறு மணிக்கு நடை. சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். அவரிடம் படித்ததில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். மேலே விமானச் சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "வருத்தமா இருக்கா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "வருத்தம் இல்லாம இருக்குமா? ஆனா ராத்திரி நிம்மதியா தூக்கம் வருதே" என்றார்.

அவர் வேலை பார்த்த இந்தியன் ஏர்லைன்ஸ் 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாடா கைக்கே போனபோது, "கெளம்பின எடத்துக்கே வந்து எறங்கிடுச்சி" என்று சிரித்தார். இந்திய பைலட்டுகளில் இப்போது சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக அளவில் இது 5 சதவீதம்தான் என்று பேப்பரில் வந்ததைக் கத்தரித்து என் மகளுக்குக் கொடுத்தார். அந்த டிசம்பரில் ஒருநாள் மத்தியானம் தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

சகோதரிகளே! நம்மில் எத்தனை பேர் 'பரீட்சை முடியட்டும், அறுவடை முடியட்டும், கல்யாணம் முடியட்டும்' என்று உடம்பு சொல்வதை ஒதுக்கிவைத்துக்கொண்டிருக்கிறோம்! மார்பில் வலியில்லாத கட்டி, காம்பில் ரத்தம் அல்லது நீர்க் கசிவு, மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரப்போக்கு, மாடி ஏறினால் நெஞ்சு அழுத்தம் – இதில் எது இருந்தாலும் வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய பரிசோதனைகளை நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். பெண் டாக்டரும் நர்சும் இருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உங்கள் பெயரில் ஒரு லாக் புக்கும் தொடங்குங்கள்.

- ஒரு வாசகி, மேல்மலையனூர்.